பெர்ட்டி வூஸ்டர் நியூயார்க் போனபோது: தடம்புரண்ட ஒரு ரகரம்

பி.ஜி. வுட்ஹவுஸின் நகைச்சுவைக் கதைகளை வைத்து, பிரிட்டனின் ஐ.டி.வி.க்காக கிரானடா நிறுவனம் கொடுத்த தொலைக்காட்சித் தொடர் ‘ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்’ 1990 ஏப்ரலில் தொடங்கி 1993 ஜூனில் முடிந்தது. நான்கு தொடர்கள், மொத்தம் 23 பகுதிகள். வேலைவெட்டி இல்லாத பணக்கார வாலிபன் பெர்ட்டி வூஸ்டராக ஹ்யூ லோரி. அவன் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சிக்கலிலிருந்தும் சத்தமில்லாமல் மீட்டெடுக்கும் பணியாளர் ஜீவ்ஸாக ஸ்டீஃபன் ஃப்ரை. லண்டன் கிளப்பிலும் கிராமத்து மாளிகையிலும் கதை ஓடும்வரை, ஆக்சென்ட் என்று ஒன்று இருப்பதே பார்ப்பவருக்கு உறைக்காது. 1992-ல் மூன்றாம் தொடரின் முதல் மூன்று பகுதிகளுக்காகக் கதை நியூயார்க்குக்குக் கப்பலேறியது. 1993-ல் மறுபடியும் போனது. அங்கேதான் பிடி நழுவியது.

அமெரிக்கப் பாத்திரங்களில் கணிசமானவற்றை ஏற்றவர்கள் பிரிட்டிஷ் நடிகர்கள். தொடரை உருகி உருகி ரசிக்கும் அமெரிக்கர்கள்கூட இந்தப் பகுதிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். ‘அமெரிக்கத்தனம் போதவில்லை’ என்பது வழக்கமான புகார். உற்றுக் கேட்டால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பலருடைய வாயில் அமெரிக்கத்தனம் கூடிப்போயிருக்கிறது. அதுவும் ஐம்பது, அறுபது வருடம் காலம் தப்பிய அமெரிக்கத்தனம். கதை நடக்கும் காலத்து (1920-கள், 30-கள்) நியூயார்க்காரரின் பேச்சு, அந்த நடிகர்களின் சொந்தப் பேச்சுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது. சும்மா விட்டிருந்தால் பாதி வேலை தானாகவே முடிந்திருக்கும்.

எழுத்தில் ஒலியைக் காட்ட வேண்டியிருப்பதால் முதலில் ஓர் ஏற்பாடு. அமெரிக்கர் இன்று அழுத்திச் சொல்லும் ரகரம் நாக்கை மேலே மடித்தோ பின்னால் குவித்தோ, அண்ணத்தைத் தொடாமல் வருவது. தமிழில் அதற்கு மிக அருகில் இருப்பது ர அல்ல, ழ. ஆகவே கீழே அமெரிக்க ரகரம் வரும் இடமெல்லாம் ழ என்றே எழுதப்படுகிறது. ழகரத்தை ளகரமாக்காமல் சொல்பவர்கள் வாய்விட்டுப் படித்தால் ஒலி கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்.

‘நாலாவது மாடி’ சொல்லும் சாட்சி

1962-ல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பெரிய பல்பொருள் கடைகளுக்குள் நுழைந்தார். சாக்ஸ் பணக்காரர் கடை, மேசிஸ் நடுத்தரம், எஸ். கிளைன் மலிவு. நான்காவது மாடியில் விற்கும் ஏதாவது ஒரு பொருளைச் சொல்லி, அது எங்கே கிடைக்கும் என்று ஊழியரிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாததுபோல் ‘என்ன?’ என்பார். அதே பதில் இம்முறை அழுத்தமாக வரும். ஓர் ஆளிடமிருந்து நான்கு ரகர வாய்ப்பு. இப்படி 264 பேர். ஏதேனும் ஓரிடத்திலாவது ரகரத்தை ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு, மேசிஸில் 51, கிளைனில் 20.

இந்த ஆய்வை வர்க்கத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்புக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். காலகட்டத் தொடர் எடுப்பவருக்கு இதில் வேறொரு தகவல் ஒளிந்திருக்கிறது. 1962-லேயே, நகரத்தின் மிக உயர்ந்த கடையில்கூட, பத்தில் நாலு பேர் ஒரு ரகரத்தையும் ஒலிக்கவில்லை. ரகரம் கௌரவமாக மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு முன் நியூயார்க்கில் சொல் முடிவிலும் மெய்க்கு முன்னும் வரும் ரகரம் விழுங்கப்படுவதுதான் சாதாரணம், மேலே இருப்பவர்களுக்கும் சரி, கீழே இருப்பவர்களுக்கும் சரி.

அந்த இரண்டு சொற்களையே மூன்று வாயில் வைத்துப் பார்க்கலாம். இன்றைய அமெரிக்கர்: ‘ஃபோழ்த் ஃப்ளோழ்’. அன்றைய நியூயார்க்காரர்: ‘ஃபோஅத் ஃப்ளோஅ’. பெர்ட்டி வூஸ்டர்: ‘ஃபோத் ஃப்ளோ’. இரண்டாவதும் மூன்றாவதும் பங்காளிகள். முதலாவது அசலூர்.

ஒலிப்பதிவும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1882-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் பிறந்த செல்வந்தர். 1933 மார்ச் 4 அன்று ஆற்றிய பதவியேற்பு உரையில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லை ‘ஃபியஅ’ என்று முடிப்பதைக் கேட்கலாம், ழகரத்தின் நிழலே கிடையாது. இன்னொரு முனையில் ஆல் ஸ்மித், 1873-ல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்து மாநில ஆளுநராகி, 1928-ல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். ரேடியோவை ‘ராடியோ’ என்று அவர் சொன்னதை நாடே கிண்டல் செய்தது. ஒரே ஊர், இரண்டு வர்க்கம். இரண்டு பேருக்கும் அந்த ரகரம் கிடையாது. பெர்ட்டியை விருந்துக்கு அழைக்கும் சீமாட்டிக்கு முதல் பதிவு. லிஃப்ட் இயக்குபவருக்கும் நாடகக் கொட்டகைக் காவலருக்கும் இரண்டாவது. இதற்குமேல் தேடவே வேண்டாம்.

ஆனால் எல்லா அமெரிக்கரும் நியூயார்க்காரர் அல்ல. இதை மூலக்கதைகள் நன்றாகவே அறிந்திருந்தன. நியூயார்க் கதைகள் 1916 முதல் 1918 வரை அமெரிக்க வார இதழில் அமெரிக்க வாசகருக்காக வந்தவை. ஒரு கதையில் மிசூரி மாநிலத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து, காசு கொடுத்து ஆங்கிலேயப் பிரபுவுடன் கைகுலுக்கப் பார்க்கிறது. இன்னொன்றில் இல்லினாய்ஸிலிருந்து ஓர் அத்தை, மருமகனின் பட்டணத்து வாழ்க்கையைச் சோதிக்க வந்து நிற்கிறார். இந்த உள்நாட்டுக்காரர்கள் ரகரத்தை முழுதாக ஒலிப்பவர்கள். ஆக நல்ல ழகரம் அங்கே தேவைதான், அவர்கள் வாயில். ரகரம் இல்லாத பட்டணத்து மருமகனுக்கு எதிரே ‘ழ ழ’ என்று அத்தை வந்து நின்றால், யார் பட்டிக்காடு, யார் பட்டணம் என்பது வசனம் இல்லாமலே விளங்கியிருக்கும். எல்லோருக்கும் ஒரே பொது அமெரிக்கத்தைப் பூசியதில் இந்த நகைச்சுவை முழுவதும் கரைந்துபோனது. தொடரின் ஆகப் பெரிய நஷ்டம் இதுதான்.

இங்கிலாந்துப் பக்கம் ஏன் பிசகவில்லை

லோரி ஈட்டன் பள்ளியில் படித்தவர், கதையில் பெர்ட்டியும் ஈட்டன்தான். ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917-ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் இந்தப் பேச்சுக்கு ‘பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு’ என்றே பெயர் (பிரிட்டனில் பப்ளிக் ஸ்கூல் என்றால் ஈட்டன் போன்ற மேட்டுக்குடித் தனியார் பள்ளி). ‘ரிசீவ்டு ப்ரனன்சியேஷன்’, அதாவது ஆர்.பி., என்ற பெயர் அதன்பின் 1920-களில்தான் அகராதிக்குள் வந்தது. எனவே லோரி கடக்க வேண்டியது அட்லான்டிக்கை அல்ல, அறுபது வருடத்தை மட்டும்.

அந்த அறுபது வருடத்தில் என்ன மாறியது? ‘ஆஃப்’, ‘லாஸ்ட்’ போன்றவற்றை அன்றைய மேட்டுக்குடியினர் ‘ஓஃப்’, ‘லோஸ்ட்’ என்று நீட்டினார்கள். ‘பிளாக் ஹாட்’ என்பது ‘ப்ளெக் ஹெட்’ பக்கம் சாய்ந்தது. ‘ஃபயர்’ ஏறத்தாழ ‘ஃபா’ ஆனது. ‘வெரி’ என்ற சொல்லில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ரகரம், நாக்கு நுனி ஒருமுறை தட்டிவிட்டு ஓடும் ஒலி. அச்சு அசல் நம் ர. இவை கற்பனை அல்ல. எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை அளந்து 2000-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 1950-களுக்கும் 1980-களுக்கும் இடையில் ராணியின் உயிரொலிகளே நகர்ந்திருப்பதைக் காட்டியது. அரண்மனைக்குள்ளேயே இந்த நிலை என்றால் ஈட்டனைப் பற்றிக் கேட்கவா வேண்டும்.

லோரி இவற்றை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. வேகம், சட்டென்று மேலேறும் சுருதி, சொல் முனைகளைப் பொறுப்பில்லாமல் விட்டுவிடும் சோம்பல், இவ்வளவுதான். ஃப்ரையின் ஜீவ்ஸ் நேர்எதிர்: ஒவ்வொரு மெய்யையும் முடித்து, மடித்து, இஸ்திரி போட்டு வைப்பார். எஜமானைவிடப் பணியாளரின் ஆங்கிலம் சுத்தம். இது வெறும் வேடிக்கை அல்ல. மேட்டுக்குடிப் பேச்சையும் மற்றவர் பேச்சையும் பிரித்துக்காட்டி ஆலன் ராஸ் 1954-ல் எழுதிய கட்டுரை (அது வந்தது என்னவோ ஹெல்சிங்கியின் ஓர் ஆய்விதழில்), மேலே உள்ளவன் அலட்சியமாகப் பேசலாம், ஏற நினைப்பவன்தான் கவனமாகப் பேசுகிறான் என்ற பேச்சுக்கு வழிவகுத்தது. ஃப்ரையும் லோரியும் அதை ஒலியாகவே நடிக்கிறார்கள். கேலிச்சித்திரம்தான், ஆனால் உள்ளிருந்து வரைந்தது. அமெரிக்கப் பாத்திரங்கள் வெளியிலிருந்து வரையப்பட்டவை. பக்கத்தில் வைத்ததும் வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது.

எங்கே பிடிபடுகிறார்கள்

பிரிட்டிஷ் நடிகரின் அமெரிக்க வேஷம் கலையும் இடங்கள் பெரும்பாலும் இந்தத் தொடருக்கு மட்டும் உரியவை அல்ல. மேடையிலும் திரையிலும் திரும்பத் திரும்ப அதே இடங்கள்தான்.

முதல் குற்றவாளி, இல்லாத ரகரம். ஆர்.பி. பேசுபவர் இரண்டு உயிர் மோதும்போது நடுவே ஒரு ரகரத்தை அறியாமலே செருகுவார். ‘லா அண்ட் ஆர்டர்’ என்பது ‘லோரண்ட் ஓடா’ ஆகிவிடும். அமெரிக்க வேஷத்திலும் இந்தப் பழக்கம் போகாது. போதாக்குறைக்கு ழகரமாகவே மாறி ‘லோழ் அண்ட்’ என்று கூடுதல் பலத்தோடு வரும். ‘ஐடியா இஸ்’ என்பதும் அப்படியே. அமெரிக்கரின் காது சட்டென்று நிமிரும். மறுபுறம், எழுத்தில் உள்ள எல்லா ரகரத்தையும் ஒலிப்பதும் ஆபத்து. ‘சர்ப்ரைஸ்’, ‘கவர்னர்’ போன்ற சொற்களில் இரண்டு ரகரம் நெருங்கி வந்தால், ரகரம் ஒலிக்கும் அமெரிக்கர் பலர் முதலாவதை விட்டுவிடுவார்கள். இரண்டையும் ஒலிப்பவர் பாடம் படித்து வந்தவர்.

அடுத்தது டகரம். ‘வாட்டர்’, ‘பெட்டர்’ போன்றவற்றில் அமெரிக்கர் சொல்வது ‘பெட்டர்’ அல்ல, ‘பெரழ்’. முதலில் நம் ர, பிறகு ழ. நாக்கு நுனி ஒரே ஒரு முறை தட்டும், விநாடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரம். பிரிட்டிஷ் காதுக்கு இது ‘ட்’டின் மென்மையான வடிவமாகக் கேட்பதால் நடிகர்கள் அதைப் பிடித்து நிறுத்தி ‘பெட்...டழ்’ என்று கனமாக்குவார்கள். தட்டொலி எங்கே வரக்கூடாது என்பதிலும் சறுக்கல். ‘இத்தாலி’ நாட்டின் பெயரில் அது வரும்: ‘இரலி’. அந்நாட்டவரைக் குறிக்கும் சொல்லில் வராது, அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிட்டதால் தெளிவான டகரமே வரும். ‘ஹோட்டல்’ என்பதிலும் அப்படித்தான். நடிகர் ஆர்வக்கோளாறில் ‘ஹோரெல்’ என்றால் வேஷம் போச்சு. (ஈழத்தமிழர் ரீவி என்றும் ரொறன்ரோ என்றும் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கும் தமிழ்நாட்டவர், ஆங்கில டகரம் பல்லீறருகே பிறக்கும் ஒலி, நம் ட அல்ல என்பதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.)

உயிரொலியில் பெரிய வேலி ‘ஹாட்’, ‘டாக்டர்’, ‘காலேஜ்’ வகைச் சொற்கள். ஆர்.பி.யில் உதடு குவிந்த குறுகிய ஒகரம். அமெரிக்காவில் உதடு திறந்த ஆகாரம். இங்கேயும் தமிழர் இரண்டு பக்கமும் நிற்கிறோம். ‘டாக்டர்’ என்று எழுதும் சென்னை அமெரிக்கக் கரையில், ‘டொக்டர்’ என்று எழுதும் யாழ்ப்பாணம் பிரிட்டிஷ் கரையில். சென்னைக்கு அது அமெரிக்காவிலிருந்து வந்ததல்ல, தற்செயல்தான். ஆனால் வித்தியாசத்தைக் காதில் ஏற்ற இதைவிட நல்ல வழி கிடையாது.

இவற்றைவிடச் சின்ன விஷயம்தான் சட்டென்று காட்டிக்கொடுக்கும். தயங்கும்போது பிரிட்டிஷார் எழுதும் ‘எர்’ என்பதில் ரகரம் ஒலிப்பதே இல்லை. அது வெறும் நீண்ட ‘அஅ’. வசனத்தாளில் அது அச்சாகியிருக்க, நடிகர் அதை அமெரிக்கமாக்கி ‘அழ்’ என்று வாசித்தால் உலகில் எந்த அமெரிக்கரும் போடாத சத்தம் பிறக்கும். அமெரிக்கர் தயங்குவது ‘அஹ்’. சிரிப்பு, ‘நோ’ என்ற மறுப்பு, திடுக்கிட்ட ‘ஓ’ ஆகியவையும் இதே ஜாதி. யோசிக்காமல் வாயில் வருபவை என்பதால் பிறந்த ஊரின் ஒலியிலேயே வரும். கூச்சல் போடும் காட்சியில் ஆக்சென்ட் கழன்று விழுவதற்கும் இதுதான் காரணம்.

நியூயார்க் காட்சிகளில் இன்னொரு இழுவிசையும் இருக்கிறது. எதிரே நிற்பவர் லோரி. இருவர் பேசும்போது ஒருவர் சுருதிக்கு மற்றவர் இழுபடுவது இயல்பு. அமெரிக்கராக நடிக்கும் பிரிட்டிஷ் நடிகருக்கு எதிரில் கேட்பது அவருடைய தாய்வீட்டுச் சுருதி. வாக்கியத்தின் தொடக்கத்தில் அமெரிக்கா, நடுவில் அட்லான்டிக், முடிவில் இங்கிலாந்து. நழுவாமல் இருக்க நடிகர் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு சொல்லையும் செதுக்குவார். நகைச்சுவைக்கு இது விஷம். பெர்ட்டியின் படபடப்புக்குப் பதில் சொல் பந்துபோல் திரும்ப வேண்டும். அரை நொடி தாமதித்தால் சிரிப்பு செத்துவிடும். ஆக்சென்ட் தப்பாவது பெரிய குற்றமில்லை, தாளம் தப்புவதுதான் குற்றம்.

செய்திருக்கக்கூடியது

அமெரிக்க நடிகரையே கூட்டி வந்திருந்தால் தீர்ந்திருக்குமா? பாதிதான். 1992-ன் அமெரிக்கர் கொண்டுவருவது 1992-ன் ழகரம். ஒலி உண்மை, காலம் பொய். உறுத்தல் குறையும், அவ்வளவே.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பாத்திரம் பிறந்த ஆண்டு. கதை நடக்கும் ஆண்டல்ல. பதின்ம வயதுக்குள் பேச்சு பெரும்பாலும் உறைந்துவிடும். 1925-ல் ஐம்பது வயதான வங்கிக்காரர் 1875-ல் பிறந்தவர். அவருக்கு மாதிரி, 1925-ல் பதிவான இளைஞர் குரல் அல்ல, 1875-ஐ ஒட்டிப் பிறந்த ஒருவரின் குரல். ஆல் ஸ்மித்தும் ரூஸ்வெல்ட்டும் கச்சிதமாகப் பொருந்துவது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: கிடைப்பவை பெரும்பாலும் மேடைப் பேச்சு. அதன் இழுப்பையும் முழக்கத்தையும் வரவேற்பறைக்குள் கொண்டுவரக் கூடாது. ஒலிகளை எடுத்துக்கொண்டு ராகத்தை விட்டுவிட வேண்டும்.

பிறகு ஒலியியலாளர் ஜான் வெல்ஸ் 1982-ல் வகுத்த 24 சொல்தொகுதிகளை (ஒரே உயிரொலி வரும் சொற்கள் ஒரு தொகுதி) எடுத்து, எவை மாறுகின்றன என்று பார்ப்பது. ஆர்.பி. நடிகர் அன்றைய நியூயார்க்கராக வேண்டுமானால் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குக் குட்டை. ரகரத்தைத் தொடவே வேண்டாம். ‘ஹாட்’ வகையில் உதட்டைத் திறக்க வேண்டும். ‘காஃபி’, ‘டாக்’ (பேச்சு) வகையில் ஒலியை மேலே தூக்கி ‘கோஅஃபி’, ‘டோஅக்’ ஆக்க வேண்டும். ‘பெட்டர்’ போன்றவற்றில் தட்டொலி. தெருவாசியாக இருந்தால் ‘பேர்ட்’, ‘தேர்ட்டி’ வகையில் ‘ஒய்’ சாயல்: முப்பத்து மூன்றாம் தெரு ‘டொய்ட்டி டொய்ட்’ ஆகும். ஆனால் இதை முழுப் பலத்தோடு போட்டால் கார்ட்டூன் ஆகிவிடும். உண்மையான ஒலி ‘அ’வில் தொடங்கி ‘இ’ பக்கம் லேசாகச் சாய்வது. சீமாட்டிக்கு இவற்றில் பாதிகூடத் தேவையில்லை.

வசனத்தாளில் மாற வேண்டிய எழுத்துகளை மட்டும் வட்டமிடுவது போதும். முழு வசனத்தையும் ஒலிவடிவில் திருத்தி எழுதிக் கொடுத்தால் நடிகர் அர்த்தத்தை விட்டுவிட்டு எழுத்தை நடிப்பார். ஒத்திகையில் மெதுவாகச் சரியாக வருவது எதற்கும் சான்றல்ல. இரட்டை வேகத்தில், கையில் டீ கோப்பையோடு, கோபத்தில், சிரித்துக்கொண்டு என்று நான்கு விதமாகச் சொல்லவைத்துப் பார்க்க வேண்டும். காட்சிகள் வரிசை மாறிப் படமாவதால் காலையில் பிடித்த ஒலி மாலையில் இருக்காது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் மாறும் ஒலிகள் எல்லாம் அடங்கிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவது பழைய, பலனுள்ள வழி.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஓரளவே செல்லும். தட்டொலியைத் திருத்தலாம், வாய்க்குள் நடப்பது, யாருக்கும் தெரியாது. ‘ஹாட்’ வகையில் குவிந்த உதட்டைத் திறந்த ஒலியால் மூடினால் குளோசப்பில் ஒட்டாது. ழகரத்துக்கும் உதடு குவியும் என்பதால் அதை அழிப்பதும் கண்ணில் படும்.

வேறொரு வழியும் உண்டு: கவலையே படாமல் விடுவது. 1717-ன் கடற்கொள்ளையரைப் பற்றிய 2022-ன் ‘அவர் ஃபிளாக் மீன்ஸ் டெத்’ நகைச்சுவைத் தொடரில் ரைஸ் டார்பி தம் நியூசிலாந்துப் பேச்சிலேயே பேசுகிறார், ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடுகிறது. வூஸ்டர் தொடருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆங்கிலேயன் அமெரிக்காவில் என்பதே கதை. இரண்டு பேச்சுக்கும் உள்ள இடைவெளியில்தான் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது.

அந்த நியூயார்க் பகுதிகளில் அமெரிக்கனாக நடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் தப்பித்தவர் லோரி. 2004 முதல் 2012 வரை ‘ஹவுஸ்’ தொடரின் 177 பகுதிகளில் நியூ ஜெர்சி மருத்துவராக இன்றைய அமெரிக்கம் பேசியவரும் அவரே. நமீபியாவில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தபோது விடுதிக் குளியலறையில் எடுத்து அனுப்பிய தேர்வு ஒளிப்பதிவைப் பார்த்து, இவர் அமெரிக்கர் என்றே இயக்குநர் பிரையன் சிங்கர் நம்பினார். அப்படிப்பட்டவருக்கும் தொல்லை கொடுத்த சொற்கள் உண்டு. இதயத் தமனியைக் குறிக்கும் ‘கரோனரி ஆர்ட்டரி’யை அவரே சொல்லியிருக்கிறார். ஏன் என்று நம் எழுத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும்: ‘கோழனெழி ஆழ்ரழி’. நான்கு ழகரம், கடைசி இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டொலி. ழவிலிருந்து ரவுக்குப் போய், மூச்சு விடுவதற்குள் மறுபடி ழவுக்குத் திரும்ப வேண்டும்.